மூன்று நகரம், மூன்று பெண், ஒரே சோபியா

'பைசிக்கிள் தீவ்ஸ்' எடுத்து உலகையே கலங்க வைத்த இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகா, 1963இல் தந்த நகைச்சுவைப் படம் 'நேற்று, இன்று, நாளை'. மூன்று தனித்தனிக் கதைகள். மூன்றிலும் நாயகி சோபியா லோரன். ஜோடி மார்செல்லோ மாஸ்ட்ரோயானி.

முதல் கதைதான் படத்தின் உயிர். நேப்பிள்ஸ் நகரில் கள்ளச் சிகரெட் விற்றுக் குடும்பம் நடத்துகிறாள் அடெலினா. கணவனுக்கு வேலையில்லை. அவளைச் சிறையில் தள்ள போலீஸ் வருகிறது. ஆனால் கர்ப்பிணியையும், பிள்ளை பெற்று ஆறு மாதம் ஆகாதவளையும் அடைக்கச் சட்டம் இடம் தரவில்லை. தண்டனை தள்ளிப்போகுமே தவிர, ரத்தாகாது. எனவே கெடு முடிவதற்குள் அவள் மறுபடியும் கர்ப்பமாக வேண்டும்! ஏழு பிள்ளைகளுக்குப் பிறகு களைத்துப்போவது யார் தெரியுமா? கணவன்தான். இங்கேதான் சிரிப்பு நின்று வறுமை தெரிகிறது. கடைசியில் அவள் சிறைக்குப் போகும்போது, ஊர்க்காரர்கள் பணம் திரட்டுகிறார்கள். கதையை எழுதிய எடுவார்டோ டி பிலிப்போவும் நேப்பிள்ஸ்காரர்தான்.

மிலான் கதையில் அவர் பணக்காரி அன்னா. காதலனைவிட ரோல்ஸ் ராய்ஸ் கார்தான் பெரிது. சற்று மெலிந்த கதை.

ரோமில் விலைமாது மாரா. அவள்மேல் மயங்கிய பக்கத்து வீட்டுக் குருமட மாணவன் படிப்பை விட்டுவிடக்கூடாதே என்று ஒரு வாரம் விரதம் நேர்ந்துகொள்கிறாள். தவிப்பதென்னவோ வாடிக்கையாளர்!

ஒப்பனையை நம்பாமல், நடையாலும் குரலாலும் மூவரையும் பிரித்துக் காட்டுகிறார் சோபியா. 1965 விழாவில் சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கார் இதற்குக் கிடைத்தது. 1967இல் ஷெர்லி மெக்லைனுக்கு ஏழு வேடம் கொடுத்து 'உமன் டைம்ஸ் செவன்' எடுத்தார் டி சிகா. வேடம் கூடியது, அடெலினா போல் ஒருத்தி அதில் இல்லை.