செயலிக்கு எப்போது நேட்டிவ் நிரல்?

கையடக்கத் தொலைபேசிச் செயலியை இருவழியில் எழுதலாம். அண்ட்ரொய்டுக்குக் கொட்லினிலும் ஐபோனுக்குச் சுவிப்டிலும் தனித்தனியே எழுதுவது நேட்டிவ் முறை. புளட்டர் போன்ற கருவியால் ஒருமுறை எழுதி இரண்டிலும் இயக்குவது பொதுமுறை.

நேரசூசி, வினாவிடை போன்றவற்றுக்குப் பொதுமுறையே போதும். ஒரே வேலையை இருமுறை செய்யத் தேவையில்லை. ஆனால் இணையப் பக்கங்களைக் கொண்டு இயங்கிய பேஸ்புக் செயலி மந்தமானதால், 2012இல் ஐபோனுக்கு அது நேட்டிவ் முறையில் மீள எழுதப்பட்டது. முத்து நெடுமாறனின் செல்லினம் போன்ற தமிழ் விசைப்பலகையோ இயங்குதளத்தோடு ஒட்டி நின்று, தொட்டவுடன் எழுத்தைத் தரவேண்டும். இத்தகைய வேலைக்கே நேட்டிவ் உரியது.

ஆகவே மாணவியரே, முதலில் பொதுமுறையில் எழுதுங்கள். உம்மாவின் விலைகுறைந்த தொலைபேசியில் அதை இயக்கிப் பாருங்கள். அங்கு தயங்கும் பகுதியை மட்டும் நேட்டிவ் முறையில் எழுதி இணைக்கலாம். நிவித்திகலையில் நாம் எழுதும் செயலி, முதலில் நம் வீட்டாருக்குப் பயன்படட்டும்.