பலகையில் யார் பெயர்?



விளையாட்டு அறையில் ஒரு மரப்பலகை மாட்டப் போவதாக பி.டி. சார் பிரேயரில் சொன்னது ஞாபகம் இருக்கும். நம் பள்ளிக்காக இதுவரை நன்றாகக் கால்பந்து ஆடிய 10 பேரின் பெயரை அதில் பெயின்ட்டால் எழுதப் போகிறார்கள். "பேர் சொல்லுங்க"ன்னு கேட்டதுதான் தாமதம், மூன்றே நாளில் நாற்பது பெயர் வந்துவிட்டது. கூடவே சண்டையும் வந்துவிட்டது! அந்த நாற்பதையும் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். முக்கால்வாசிப் பேர் கோல் போட்டவர்கள். பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

புகழ் மண்டபம் என்றால் என்ன?

சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் பெயரை ஓர் இடத்தில் நிரந்தரமாகப் பதித்து வைப்பதே புகழ் மண்டபம். இங்கிலாந்தில் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் 2002-ல் இப்படி ஒன்றைத் தொடங்கியது. நம் நாட்டில் பெரும்பாலும் அர்ஜுனா விருது, பத்ம விருதுப் பட்டியல்களைப் பார்த்துத்தான் "இவர் பெரிய ஆட்டக்காரர்"னு சொல்கிறோம். நம்ம பலகையும் ஒரு குட்டிப் புகழ் மண்டபம்தான். எல்லாவற்றுக்கும் கேள்வி ஒன்றே: தேர்வு நியாயமாக நடந்ததா?

1. கண்ணில் படுவதுதான் மனதில் நிற்கும்

நம்ம கரடியூர் மூடுபனி தெரியும்தானே? பனி இறங்கிய நாளில் கிரவுண்டின் இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கக் கோல் கம்பமே தெரியாது. அங்கே கீப்பர் பாய்ந்து பிடித்தாலும் நமக்குத் தெரியாது. விருதுப் பட்டியலிலும் இதே பனி இருக்கிறது.

அர்ஜுனா விருது 1961-ல் தொடங்கியது. கால்பந்தில் அதை முதலில் வாங்கியவர் பி.கே. பானர்ஜி. 1962-ல் துளசிதாஸ் பலராம், 1963-ல் சுனி கோஸ்வாமி. மூவருமே முன்கள ஆட்டக்காரர்கள். மூவருமே பெரிய ஆட்டக்காரர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு கோல் கீப்பர் பெயர் வர 1967 ஆனது. அவர் பீட்டர் தங்கராஜ். நம்மைப் போலவே மலை ஊரான வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு ஆடியவர். 1956, 1960 ஒலிம்பிக் போட்டிகளுக்குப் போனவர். அடுத்த கீப்பர் பிரம்மானந்த் சங்க்வால்கர். அவருக்குக் கிடைத்தது 1997-ல். நடுவில் 30 வருஷம்! அந்த 30 வருஷமும் கோல் கம்பத்துக்கு நடுவில் யாருமே நிற்கவில்லையா என்ன?

2. காலம் தவறிப் பிறந்தவர்கள்

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை இந்தியா 4-2 என்று ஜெயித்தது. அதில் 3 கோல் நெவில் டிசோசா போட்டது. ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவர்தான். அந்த முறை இந்தியா நாலாம் இடம். ஆனால் அர்ஜுனா பட்டியலில் அவர் பெயர் இல்லை. விருது வந்ததே ஐந்து வருஷம் கழித்து.

பயிற்சியாளர் எஸ்.ஏ. ரஹீம் கதையும் இப்படித்தான். 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கித் தந்தவர் அவர். 1963-ல் காலமானார். பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சார்யா விருது தொடங்கியது 1985-ல். நம் தமிழ்நாட்டு சைமன் சுந்தரராஜ் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடியவர். 1973-ல் கேரளா முதன்முதலாக சந்தோஷ் டிராபி ஜெயித்தபோது அவர்தான் பயிற்சியாளர். அர்ஜுனா பட்டியலில் அவரும் இல்லை.

தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பலராமையும் பாருங்கள். 1962 ஜகார்த்தா தங்கத்தில் அவருடன் ஆடிய கோஸ்வாமிக்கு 1983-லும் பானர்ஜிக்கு 1990-லும் பத்மஸ்ரீ கிடைத்தது. பலராம் 2023-ல் இறக்கும்வரை அவருக்குக் கிடைக்கவில்லை.

3. ஓட்டுப் போடுவது யார்?

"சரி, எல்லாரும் ஓட்டுப் போட்டால் சரியாயிடுமே?"ன்னு கேட்கலாம். ஃபிஃபா 2000-ல் அதைத்தான் செய்தது. நூற்றாண்டின் சிறந்த வீரர் யார் என்று இன்டர்நெட்டில் ஓட்டுக் கேட்டார்கள். பாதிக்கு மேல் ஓட்டு மாரடோனாவுக்கு விழுந்தது. நிபுணர் குழுவும் ஃபிஃபா பத்திரிகை வாசகர்களும் பீலேவைத் தேர்ந்தெடுத்தார்கள். கடைசியில் இரண்டு பேருக்கும் பரிசு! அன்று இன்டர்நெட் பார்த்தவர்களில் இளைஞர்கள்தான் அதிகம்; அவர்கள் பீலே ஆடிப் பார்த்ததில்லை. யாரைக் கேட்கிறோம் என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

4. கதவே திறக்காதபோது

2004-ல் ஃபிஃபாவின் நூற்றாண்டுக்காகப் பீலே தேர்ந்தெடுத்த பட்டியலில் 125 பேர். அதில் பெண்கள் எத்தனை? இரண்டே பேர். இங்கிலாந்தில் 1921-ல் கால்பந்துச் சங்கம் பெண்களுக்கு மைதானம் தரக் கூடாது என்று சொன்னது. அந்தத் தடை சுமார் 50 ஆண்டு இருந்தது. அந்தக் காலத்தில் ஆடிய லில்லி பார் 1978-ல் இறந்தார். 2002-ல்தான் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது.

இங்கே? 1980-ல் கோழிக்கோட்டில் நடந்த ஆசிய மகளிர் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம். 1983-லும் இரண்டாம் இடம். அந்த 1983-ல் சாந்தி மல்லிக் அர்ஜுனா வாங்கினார். அடுத்த பெண் பெம்பெம் தேவி, 2017-ல். இடைவெளி 34 வருஷம்!

அப்போ என்ன செய்யலாம்?

யாரோ சதி செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. விருது கொஞ்சம், ஆட்கள் நிறைய. யாராவது விட்டுப்போகத்தான் செய்வார்கள். ஆனால் கீப்பர், பெண்கள், பழைய ஆட்கள் என்று எப்போதும் ஒரே வகை ஆட்களே விட்டுப்போனால் தப்பு ஆட்களிடம் இல்லை, அளக்கிற தராசில் இருக்கிறது. எஸ்டேட்டில் காபிப் பழம் எடை போடும்போது, மூட்டையை வைக்கும் முன்னாடியே முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பறித்தவர்கள் பார்ப்பார்கள். மூட்டையை ஏற்றிய பிறகு பார்த்து என்ன பிரயோஜனம்?

எனவே என் யோசனைகள்:

* பெயரைப் பேசும் முன் விதியை எழுதிவிட வேண்டும்.
* கீப்பர், பின்களம், நடுக்களம், முன்களம் என்று தனித்தனியாகப் பேச வேண்டும். பெண்கள் அணியையும் சேர்க்க வேண்டும்.
* நமக்கு ஞாபகம் இருப்பவர்களோடு நிறுத்தாமல், பழைய மாணவர்களையும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களையும் கேட்க வேண்டும்.
* கடைசி பஸ்ஸைப் பிடிக்க நாகலூருக்கும் மஞ்சக்குட்டைக்கும் ஓடியவர்கள் குறைவாகத்தான் ஆடியிருப்பார்கள். எத்தனை மேட்ச் என்று மட்டும் எண்ணக் கூடாது.
* தன் அண்ணன், அக்கா பெயர் வந்தால் குழுவில் இருப்பவர் வெளியே போய்விட வேண்டும்.
* ஒவ்வொரு பெயருக்கும் காரணம் இரண்டு வரி எழுதி, இதே சுவரில் ஒட்ட வேண்டும்.

என் தோழி, "கோல் போட்டாத்தானேடி ஜெயிக்க முடியும்?"னு கேட்டாள். நியாயமான கேள்வி. கோல் வாங்காமல் இருந்தாலும்தான் தோற்க மாட்டோம் என்றேன்.

ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். நான் பெண்கள் அணியின் கோல் கீப்பர். அதனால் என் பேச்சிலும் ஒரு பக்கச் சாய்வு இருக்கலாம். உங்களுக்கும் ஏதாவது ஒன்று இருக்கும். அதனால்தான் விதி வேண்டும் என்கிறேன்.

பி.டி. சாருக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். பலகையில் 10 பெயருக்குக் கீழே இரண்டு வரி காலியாக விடுங்கள் சார். இப்போது நம் கண்ணில் படாத யாரோ ஒருவர் பனி விலகியபின் தெரியலாம். அவர் பெயரை எழுத இடம் வேண்டுமே!



— 11-ஆம் வகுப்பு மாணவி