எடையைத் தாங்குவது எது?

கோள், விண்மீன், விண்மீன் மண்டலம் ஆகிய மூன்றும் அளவில் ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாதவை. ஆயினும் அவற்றின் அமைப்பை ஆராயப் புகும் வானியல், மூன்றிடமும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது. தன் எடையே தன்னை எல்லாப் பக்கமிருந்தும் உள்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கையில், இந்தப் பொருள் ஏன் மையத்துக்குள் சரிந்துவிடாமல் நிற்கிறது? மின்விசைக்கு நேர், எதிர் என இரு முகங்கள் இருப்பதால் பெரும்பொருள்களில் அவை ஒன்றையொன்று ஈடுசெய்து மறைந்துவிடுகின்றன. ஈர்ப்புக்கோ இழுக்க மட்டுமே தெரியும். அதைத் திரையிட்டுத் தடுக்க வழியில்லை. பொருள் சேரச் சேர அதன் பிடி இறுகிக்கொண்டே போகும். அந்தப் பிடியை எதிர்த்து நிற்பது எதுவோ, அதுவே ஒரு வான்பொருளின் வடிவத்தையும் பருமனையும் ஆயுளையும் முடிவுசெய்கிறது.

சிறிய பொருள்களில் இந்தப் போட்டி பெரிதாக நடப்பதில்லை. செவ்வாயின் துணைக்கோளான ஃபோபோஸ், ஏறத்தாழ 27 கி.மீ. நீளமுள்ள, உருளைக்கிழங்கைப் போன்ற ஒரு பாறை. அதன் ஈர்ப்பு, பாறையின் உறுதிக்கு முன் தோற்றுவிடுவதால், எந்த வடிவில் உருவானதோ அந்த வடிவிலேயே அது கிடக்கிறது. பாறையின் உறுதி என்பது அணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் மின்விசையன்றி வேறில்லை. சுமார் 940 கி.மீ. விட்டமுள்ள செரஸ் என்னும் குறுங்கோளில் ஈர்ப்பு வென்றுவிட்டதால், உயர்ந்தவை சரிந்து தாழ்ந்தவை நிரம்பி, அது உருண்டையாகிவிட்டது. மலைகளின் உயரத்திலும் இதே கணக்கைக் காணலாம். பூமியின் ஈர்ப்பில் 38 விழுக்காடே கொண்ட செவ்வாயில், ஒலிம்பஸ் மான்ஸ் என்னும் எரிமலை 22 கி.மீ. அளவுக்கு எழுந்து நிற்கிறது. அங்குள்ள மேலோடு நகராமல் ஒரே இடத்தில் நின்று குழம்பை வாங்கிக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம் என்றாலும், அத்தகைய சுமையைப் பூமியின் பாறைகள் தாங்கியிரா.

பூமிக்குள் இறங்கினால் அடுக்குகள் தெரியும். மேற்பரப்புப் பாறைகளின் அடர்த்தி நீரைப்போல் மூன்று மடங்குக்கும் குறைவாக இருக்க, பூமி முழுவதன் சராசரி அடர்த்தி ஐந்தரை மடங்கு என்பது 1798இல் கேவண்டிஷ் செய்த சோதனையிலேயே வெளிப்பட்டுவிட்டது; எனவே ஆழத்தில் மிகக் கனமான ஏதோ ஒன்று, அதாவது இரும்பு, இருந்தாக வேண்டும். நிலநடுக்க அலைகளை ஆராய்ந்த டென்மார்க் அறிஞர் இங்கே லேமான், உருகிய இரும்புக் கருவத்துக்குள் இன்னொரு உட்கருவம் இருப்பதை 1936இல் காட்டினார். மையத்தின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 36 லட்சம் மடங்கு. அவ்வளவு அழுத்தத்திலும் அணுக்கள் சற்றே நெருங்குகின்றனவே தவிர, நொறுங்குவதில்லை. வியாழனில் நிலைமை வேறு. பூமியைப்போல் 318 மடங்கு நிறை கொண்ட அந்தக் கோளின் ஆழத்தில், ஹைட்ரஜனின் எலக்ட்ரான்கள் தத்தம் அணுக்களைவிட்டு விடுபட்டு, அந்த வாயு மின்சாரத்தைக் கடத்தும் உலோகத் திரவமாக மாறிவிடுகிறது. வியாழனில் இன்னும் ஏராளமான ஹைட்ரஜனைக் கொட்டினாலும் அது பெரிதாக வீங்காது. கொட்டிய எடை உள்ளிருப்பதை இறுக்கிவிடும். அதைப்போல் பல மடங்கு நிறையிருந்தும் விண்மீனாகும் அளவை எட்டாத பழுப்புக் குறுமீன்களும் ஏறக்குறைய அதே பருமனிலேயே இருக்கின்றன. நிறை வியாழனைப்போல் 80 மடங்கை, அதாவது சூரியனின் நிறையில் நூற்றில் எட்டுப் பங்கை, எட்டும்போதுதான் ஒரு விண்மீன் பிறக்கிறது.

விண்மீனைத் தாங்குவது பாறையின் உறுதியன்று, வெப்பம். சூரியனின் மையத்தில் வெப்பநிலை ஒன்றரைக் கோடி கெல்வின். அடர்த்தி நீரைப்போல் 150 மடங்கு. அழுத்தம் பூமியின் வளிமண்டலத்தைப்போல் சுமார் 25,000 கோடி மடங்கு. இத்தனை அடர்த்தியிலும் அங்குள்ள பொருள் வாயுவின் இயல்போடுதான் இருக்கிறது. ஏனெனில் எலக்ட்ரான்கள் அணுக்கருக்களை விட்டுப் பிரிந்துவிட்டதால், துகள்கள் பறந்து திரிய வேண்டிய இடம் உண்டு. கடுவேகத்தில் மோதித் திரியும் அந்தத் துகள்களின் அழுத்தம், மேலிருந்து இறங்கும் எடையை ஒவ்வொரு அடுக்கிலும் சரியாக ஈடுசெய்கிறது. இந்த அழுத்தம் திடீரென மறைந்துவிட்டால், சுமார் 14 லட்சம் கி.மீ. விட்டமுள்ள சூரியன் அரைமணி நேரத்தில் மையத்துக்குள் விழுந்துவிடும். சூரியன் அசையாமல் நிற்பது போலத் தோன்றுவதற்குப் பின்னால் எத்தனை துல்லியமான சமநிலை இருக்கிறது என்பதை இந்த ஒரு கணக்கே உணர்த்தும்.

பாடநூல்கள் பலவற்றில் காணப்படும் ஒரு விளக்கத்தை இங்கே திருத்திக்கொள்வது நல்லது. சூரியனின் மையத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகும் அணுக்கரு இணைவுதான் ஈர்ப்பை எதிர்த்துச் சூரியனைத் தாங்குகிறது என்று அவை கூறுகின்றன. உண்மையில் தாங்குவது வெப்பம்; இணைவு செய்வது, மேற்பரப்பிலிருந்து ஒளியாக வெளியேறிக்கொண்டே இருக்கும் ஆற்றலை ஈடுகட்டுவது மட்டுமே. இணைவு இன்று நின்றுபோனாலும் சூரியன் உடனே சரிந்துவிடாது. அது மெல்லச் சுருங்கும். சுருங்குவதால் ஈர்ப்பாற்றல் வெளிப்படும். அதில் ஒரு பாதி ஒளியாகப் போக, மறுபாதி உள்ளேயே தங்கி மையத்தை முன்னைவிடச் சூடாக்கும். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் வெப்பத்தை இழந்து ஆறிப்போவதே அன்றாட அனுபவம். விண்மீனோ வெப்பத்தை இழக்க இழக்கச் சூடேறுகிறது. ஈர்ப்பால் பிணைந்த பொருள்களுக்கே உரிய இந்த விந்தை இயல்பைப் புரிந்துகொள்ளாமல் விண்மீன்களின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸும் கெல்வினும் சூரிய ஒளிக்கு இந்தச் சுருக்கத்தையே காரணமாகக் கருதினார்கள். கணக்கு தவறில்லை, ஆனால் அவ்வழியில் சூரியன் இரண்டு மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேல் ஒளிர முடியாது. பூமியின் பாறைகளோ அதைவிடப் பன்மடங்கு பழைமையானவை எனப் புவியியல் காட்டிற்று. வேறு ஆற்றல் மூலம் தேவைப்பட்டது. ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது குறையும் நிறையே அந்த மூலமாக இருக்கலாம் என்று 1920இல் ஆர்தர் எடிங்டன் கூறியபோது, சூரியனில் அவ்வளவு ஹைட்ரஜன் இருப்பதே யாருக்கும் தெரியாது. மேகநாத் சாஹா அதே ஆண்டில் வெளியிட்ட சமன்பாடு, வெப்பத்தில் அணுக்கள் எலக்ட்ரான்களை இழக்கும் அளவைக் கணிக்க வழிசெய்தது. அதைக்கொண்டு விண்மீன்களின் நிறமாலைகளை ஆராய்ந்த இளம் ஆய்வாளர் செசிலியா பெய்ன், விண்மீன்களில் மிகுந்திருப்பது ஹைட்ரஜனும் ஹீலியமுமே என்று 1925இல் கண்டறிந்தார். மூத்த வானியலாளர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் அதை ஏற்காததால், தம் முடிவு பெரும்பாலும் உண்மையாக இராது என்று பெய்னே தம் ஆய்வேட்டில் எழுத நேர்ந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து ரஸ்ஸல் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார். வானியலின் தலையாய கண்டுபிடிப்புகளுள் ஒன்று அதைக் கண்டவரின் கையாலேயே மறுக்கப்பட்டது, அறிவியல் வரலாற்றில் வருத்தத்தோடு நினைக்க வேண்டிய செய்தி.

இணைவு எவ்வாறு நடக்கிறது என்பதை 1939இல் ஹான்ஸ் பெத்தே விரிவாக விளக்கினார். நொடிக்கு ஏறத்தாழ 60 கோடி டன் ஹைட்ரஜன் மாற்றமடைய, அதில் 40 லட்சம் டன் அளவு நிறை ஆற்றலாகிறது. எண்கள் மலைக்க வைத்தாலும், உண்மையில் சூரியனின் உலை மிக மந்தமானது. நேர்மின்னூட்டம் கொண்ட புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்குவதால், மையத்திலுள்ள ஒரு புரோட்டான் இன்னொன்றோடு இணையச் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் ஆகும். மையத்தின் ஒரு கன மீட்டர் தரும் ஆற்றல் 300 வாட்டுக்கும் குறைவு. அதே பருமனில் மனித உடல் வெளியிடும் வெப்பம் அதைவிட அதிகம். சூரியனின் பேராற்றல் வேகத்திலிருந்து வருவதன்று, பருமனிலிருந்து வருவது. இந்த மந்தமே பூமியில் உயிர் தழைக்கக் கால அவகாசம் தந்தது. மேலும் இந்த உலைக்குத் தன்னைத்தானே கட்டுப்படுத்தும் இயல்பும் உண்டு. இணைவு சற்றே மிகுந்தால் மையம் விரிந்து ஆறும், இணைவு தணியும். குறைந்தால் மையம் சுருங்கிச் சூடேறும், இணைவு மீண்டும் கூடும்.

எரிபொருள் தீர்ந்த பிறகு என்ன ஆகும் என்ற கேள்விக்கான விடை, சிரியஸ் விண்மீனின் மங்கலான துணையிலிருந்து கிடைத்தது. சூரியனை ஒத்த நிறை பூமியை ஒத்த பருமனுக்குள் அடங்கியிருக்கும் அந்த வெண்குறு மீனில், ஒரு கன சென்டிமீட்டர் பொருளின் எடை இரண்டு டன்னுக்கும் மேல். அதைத் தாங்குவது வெப்பமன்று. இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்னும் குவாண்டம் விதிப்படி, நெருக்கப்படும் எலக்ட்ரான்கள் மேன்மேலும் உயர்ந்த வேகங்களை ஏற்க வேண்டியிருப்பதால் எழும் அழுத்தமே அதைத் தாங்குகிறது. குளிர்ந்தாலும் குறையாத அழுத்தம் இது. எனவே எல்லா விண்மீன்களும் இறுதியில் இப்படி அமைதியடைந்துவிடும் என்று நம்பப்பட்டது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்ரமணியன் சந்திரசேகர், 1930இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும்போது, அந்த எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குவதைக் கவனித்துச் சார்பியல் கோட்பாட்டைக் கணக்கில் சேர்த்தார். அப்போது அவருக்கு வயது 19. ஒளியின் வேகத்தை மிஞ்ச முடியாத எலக்ட்ரான்கள் கூடும் எடைக்கு ஈடாக அழுத்தத்தைக் கூட்ட முடியாமல் போவதால், சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள வெண்குறு மீன் நிலைக்கவே முடியாது என்ற முடிவு அதிலிருந்து பிறந்தது. 1935இல் லண்டனில் அவர் இதை விளக்கியபோது, விண்மீன்களின் உள்ளமைப்பை உலகுக்குக் கற்பித்த அதே எடிங்டன் அவையிலேயே அதை எள்ளி மறுத்தார். சந்திரசேகர் வாதத்தை நீட்டாமல், 1939இல் விண்மீன் அமைப்பு பற்றிய தம் நூலில் அனைத்தையும் எழுதிவைத்துவிட்டு வேறு துறைகளுக்குப் போனார். நோபல் பரிசு 1983இல் வந்தது. அந்த வரம்பைத் தாண்டிய கருவம், ஏறக்குறைய 20 கி.மீ. விட்டமுள்ள நியூட்ரான் விண்மீனாகலாம். அதுவும் தாங்காத எடையென்றால் கருந்துளையே முடிவு. அங்கே ஈர்ப்பை எதிர்க்க எதுவுமில்லை.

விண்மீன் மண்டலத்துக்கு வந்தால், அழுத்தம் என்ற சொல்லே பொருந்தாமற்போகிறது. சூரியனை இரண்டு மில்லிமீட்டர் கடுகாக எண்ணினால், அடுத்த விண்மீன் 58 கி.மீ. தொலைவில் உள்ள இன்னொரு கடுகு. இவ்வளவு வெறுமையில் விண்மீன்கள் மோதிக்கொள்வது ஏறக்குறைய இல்லை. இங்கே எடையைத் தாங்குவது ஓட்டம். பால்வீதியின் மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தொலைவில் உள்ள சூரியன், நொடிக்கு ஏறத்தாழ 230 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் விரைவதால், மையத்தை நோக்கி விழுந்துகொண்டே இருந்தும் அதை அடைவதில்லை. ஒரு சுற்றுக்கு 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பால்வீதி ஒரு லட்சம் ஒளியாண்டு அகலமும் ஆயிரம் ஒளியாண்டு அளவே தடிமனும் கொண்ட தட்டாக இருப்பதற்குக் காரணம், அது தொடக்கத்தில் வாயுவாக இருந்ததுதான். வாயு முகில்கள் மோதும்போது ஆற்றல் ஒளியாக வெளியேறிவிடும். ஆனால் சுழற்சியின் அளவான கோண உந்தம் அப்படி வெளியேறாது. எனவே முகில் சுழல் அச்சின் திசையில் படிந்து தட்டையாயிற்று; பக்கவாட்டில் சுருங்க முடியவில்லை. விண்மீன்கள் எல்லாத் திசைகளிலும் ஒழுங்கின்றி ஓடும் நீள்வட்ட மண்டலங்களில் இத்தகைய தட்டைக் காண இயலாது.

இந்த ஓட்டத்தை அளந்தபோதுதான் கேள்வி தலைகீழாயிற்று. சூரியக் குடும்பத்தில் புதன் நொடிக்கு 47 கி.மீ. வேகத்தில் ஓட, தொலைவிலுள்ள நெப்டியூன் ஐந்தரை கி.மீ. வேகத்திலேயே நகர்கிறது, நிறை நடுவில் குவிந்திருந்தால் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆண்ட்ரோமீடா மண்டலத்தின் ஒளி மையத்தில் செறிந்து விளிம்பில் மங்குவதால், அங்கும் அதையே எதிர்பார்த்தனர். ஆனால் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970இல் வெளியிட்ட அளவீடுகளிலும், பின்னர் வேறு பல மண்டலங்களிலும், விளிம்பை நோக்கிப் போகப் போக வேகம் குறையவில்லை. அந்த விண்மீன்கள் ஏன் மையத்தில் விழவில்லை என்பதைவிட, ஏன் வெளியே பறந்துவிடவில்லை என்பதே விடை தேடும் கேள்வியாயிற்று. அணுக்களால் ஆன சாதாரணப் பொருளைப்போல் சுமார் ஐந்து மடங்கு, ஒளிராத ஏதோ ஒன்று அண்டத்தில் பரவியிருந்து அவற்றைப் பிடித்துவைத்திருக்கிறது என்பதே பெரும்பாலான வானியலாளர் ஏற்கும் விளக்கம். கரும்பொருள் எனப்படும் அது எத்தகைய துகளால் ஆனது என்பது இன்னும் கண்டறியப்படவில்லை. ஆனால் அதன் அமைப்பை ஊகிக்க இதுவரை பார்த்த விதிகளே போதும். விண்மீன் சுருங்குவதும் வாயு தட்டாகப் படிவதும் ஒளியை இழப்பதால் நேர்பவை. கரும்பொருளுக்கு ஒளி இல்லை. எனவே ஆற்றலை இழந்து படியும் வழியும் இல்லை. அது பால்வீதித் தட்டைச் சூழ்ந்து, தட்டின் எல்லையைத் தாண்டி வெகுதொலைவு வரை, பருத்த ஒளிவட்டம் போன்ற கோள வடிவில் பரவி நிற்கிறது. சிலி நாட்டு மலையொன்றில், ரூபினின் பெயரைத் தாங்கி நிற்கும் தொலைநோக்கி நிலையம் தன் முதல் படங்களை 2025 ஜூனில் வெளியிட்டது. பத்து ஆண்டுகள் தென்வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து, தொலைவிலுள்ள மண்டலங்களின் உருவம் எந்த அளவுக்கு வளைந்து தெரிகிறது என்பதிலிருந்து அந்தக் கரும்பொருளின் வரைபடத்தை அது தீட்டவிருக்கிறது.