விசுவாச உறுதி (ஏலாக்குறிச்சி)

விசுவாச உறுதி என்பது அச்சமோ துன்பமோ ஆதாயமோ குறுக்கிட்டபோதும் தாம் ஏற்ற சமயத்தை மறுதலிக்காமல் அதில் நிலைத்திருத்தலைக் குறிக்கக் கிறித்தவர்கள் வழங்கும் சொல்லாகும். இதன் உச்சநிலை மறைசாட்சியம், அதாவது விசுவாசத்திற்காக உயிரை ஈதல். 1693 இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தமிழகத்தில் இதற்கு நன்கறியப்பட்ட சான்று. ஆயினும் கிறித்தவர்களில் மிகப்பெரும்பாலோர் மறைசாட்சிகள் அல்லர். உயிரோடிருந்து, வரி கட்டி, பிள்ளை வளர்த்து, அதே ஊரில் விசுவாசத்தைக் காத்தவர்கள் அவர்கள். அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஏலாக்குறிச்சியின் வரலாறு அத்தகையோரைப் பற்றியது.

ஆற்றின் இரு கரைகள்

ஏலாக்குறிச்சி கொள்ளிடத்தின் வடபுறம் அமைந்த சிற்றூர். 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்றுக்குத் தெற்கே தஞ்சை மராட்டியர் ஆட்சியும், வடக்கே அரியலூர் மழவராயர் பாளையமும் இருந்தன. 1701 இல் மன்னர் சகசி காலத்தில் தஞ்சை நாட்டில் கிறித்தவர்கள் துன்புறுத்தப்பட்டனர். தென்கரையில் துன்பத்துக்கு உள்ளானோர் ஆற்றைக் கடந்து இங்கு புகலிடம் தேடினர் என்பதும், அடைக்கல மாதா என்ற பெயர் அதனோடு தொடர்புடையது என்பதும் இத்திருத்தலத்தின் மரபு. மழவராயர் ஒருவரின் இராசபிளவை நோயை வீரமாமுனிவர் குணப்படுத்தியதால் ஆலயத்திற்கு நிலம் கிடைத்தது என்றும் கூறுவர். ஆட்சியாளரின் ஆதரவு இல்லாமல் அக்காலத்தில் ஒரு சிறுபான்மைச் சமூகம் ஓரிடத்தில் வேரூன்றுவது கடினம். எனவே விசுவாச உறுதியை உள்ளத்தின் திறமாக மட்டும் காண்பது முழுமையான பார்வை ஆகாது.

வீரமாமுனிவர் (கான்ஸ்டன்சோ பெஸ்கி, பி. 1680) இத்தாலியில் பிறந்த இயேசு சபைத் துறவி. 1711 இல் மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்தார். 1714–15 இல் எழுந்த எதிர்ப்பின்போது அவரே மரண தண்டனையிலிருந்து தப்பியவர். அவர் ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, அங்குள்ள அன்னை மீது திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார்.

வேதியர்

தேம்பாவணியும் சதுரகராதியும் பெற்ற புகழை இவருடைய உரைநடை நூலான வேதியர் ஒழுக்கம் (1727) பெறவில்லை. விசுவாச உறுதி என்ற பொருளில் ஆராய்வோருக்கு இதுவே முதன்மையானது. இங்கு வேதியர் என்பது அந்தணரைக் குறிப்பதன்று. பிற்காலத்தில் உபதேசியார் எனப்பட்ட, மறைக்கல்வி கற்பிக்கும் உள்ளூர்த் தமிழரைக் குறிப்பதாகும். ஒரு குரு பரந்த நிலப்பரப்பைக் கவனிக்க வேண்டியிருந்ததால், ஓர் ஊருக்கு அவர் வருவது அரிது. இடைப்பட்ட காலத்தில் செபம் சொல்லிக் கொடுத்தல், நோயாளியைச் சந்தித்தல், சாகும் தறுவாயில் உள்ள குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தல் ஆகியன வேதியர் பொறுப்பு. அவர் தளர்ந்தால் ஊரே தளரும் என்பதனாலேயே அவருக்கென ஒரு தனி நூல் தேவைப்பட்டது.

எழுத்தறியாதோருக்கு வேறு வழி வேண்டும். மகளிர் விளையாட்டோடு தொடர்புடைய அம்மானை வடிவில் வீரமாமுனிவர் கித்தேரியம்மாள் அம்மானையை இயற்றினார். விசுவாசத்தை விட மறுத்து உயிர் துறந்த போர்த்துகல் கன்னி ஒருத்தியின் கதை இது. அயல்நாட்டுப் புனிதை ஒருத்தி தமிழ்ப் பெண்கள் நன்கறிந்த பாட்டு வடிவில் வருவது கவனிக்கத்தக்கது.

வீழ்ந்தவர்கள்

துன்புறுத்தல் நிகழும் இடங்களில் அச்சத்தால் மறுதலிப்போரும் இருப்பர். கி.பி. 250 இல் உரோமைப் பேரரசன் தேசியசு அனைவரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என ஆணையிட்டபோது பலர் பணிந்தனர். பின்னர் திரும்பி வந்த அவர்களை ஏற்கலாகாது என்றார் நொவாசியன். தகுந்த தவத்திற்குப் பின் ஏற்கலாம் என்றார் கார்த்தேசு ஆயர் சிப்பிரியான். திருச்சபை இரண்டாவது வழியையே தேர்ந்தது. அதன்படி, ஒருமுறை தவறியவர் என்பதாலேயே ஒருவர் உறுதியற்றவர் என முடிவு கட்ட இயலாது.

குருக்கள் குறைந்த காலம்

1773 இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெந்து இயேசு சபையைக் கலைத்தார். புதிய துறவிகளின் வருகை நின்றது, இருந்தவர்கள் முதுமையடைந்தனர். 1776 இல் புதுச்சேரிப் பணித்தளம் பாரிசு அயல்நாட்டு மறைப்பணிச் சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் பிரெஞ்சுப் புரட்சியால் அங்கிருந்தும் ஆள்வரவு குன்றியது. தமிழ்நாட்டு ஊர்ச்சபைகள் பல இக்காலத்தைப் பெரிதும் தம் உபதேசியார்களைக் கொண்டே கடந்தன. 1899 இல் புதுச்சேரியிலிருந்து பிரிக்கப்பட்டுக் கும்பகோணம் மறைமாவட்டம் உருவானது. ஏலாக்குறிச்சி இன்று அம்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அரசு நிர்வாகத்தில் இவ்வூர் 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலும், பின்னர் பெரம்பலூர் மாவட்டத்திலும் இருந்து, 2007 இல் மீண்டும் அமைக்கப்பட்ட அரியலூர் மாவட்டத்தில் சேர்ந்தது.