பழைய வேனுக்கு எந்தக் கூலன்ட்?

மாத்தளை மாவட்டத்தில் எந்த மூலையிலும் ரேடியேட்டர் தண்ணீர் உறையப்போவதில்லை. பனி நாட்டுக்காரர்களுக்கான சாமானுக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று ஸ்கூல் வேன் ஓட்டுபவர் கேட்டால், நியாயமான கேள்விதான். நாம் காசு கொடுப்பது உறையாமைக்கு அல்ல, அரிப்பைத் தடுக்கும் இரசாயனங்களுக்கு. போத்தலில் பெரும்பகுதி எத்திலீன் கிளைக்கோல். அதில் சிறிதளவே கரைந்திருக்கும் அந்த இரசாயனங்கள்தான் பழைய எஞ்சினின் ஆயுளைக் காக்கின்றன.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 வரை கதவு திறக்கவில்லை. அதனால் கைவிடவேண்டிய வயதைத் தாண்டிய டொல்பின், லைட்ஏஸ், டவுன்ஏஸ், டெலிகா எல்லாம் இன்னும் ஏ9 வீதியில் ஓடுகின்றன. டவுன்ஏஸின் 2சி டீசல் எஞ்சினில் பிளொக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். டெலிகாவின் 4டி56உம் அப்படித்தான். பழைய ரேடியேட்டர் என்றால் செம்பும் பித்தளையும், அவற்றை ஒட்டிய ஈயப் பற்றாசும். இத்தனை உலோகமும் ஒரே வெந்நீரில் ஊறும்போது அரிப்பு முதலில் அலுமினியத்தைத் தின்னத் தொடங்கும். 2சி ஹெட் சூடேறினால் வெடிப்பு விடும் என்பது எந்த கராஜிலும் தெரிந்த கதை.

கடையில் போய் “பச்சை தாங்க”, “சிவப்பு தாங்க” என்று கேட்பதை முதலில் விடவேண்டும். நிறம் வெறும் சாயம், அதற்குப் பொதுத் தரம் கிடையாது. டொயோட்டாவின் பழைய சிவப்புக் கூலன்ட் பொஸ்பேற் கலந்தது, சிலிக்கேற் இல்லாதது. அதே சிவப்பில் வரும் வேறு கம்பனிச் சரக்கு, பொஸ்பேற்றே இல்லாத சேதன அமில வகையாக இருக்கலாம். இரண்டையும் கலந்தால் உடனே எதுவும் நடக்காது, ஆனால் தடுப்புச் சக்தி குறையும். சிலிக்கேற் உள்ள சில பச்சை வகைகளோடு சேர்ந்தால் கூழாகத் திரண்டு குழாயை அடைப்பதும் உண்டு. ஆகவே லேபலின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஜப்பான் வேனுக்கு ஜே.ஐ.எஸ். கே 2234 என்ற தரக்குறியும், பொஸ்பேற் உண்டு, சிலிக்கேற் இல்லை என்ற விபரமும் இருந்தால் போதும். இந்தப் பழைய வகையை இரண்டு வருடத்துக்கு அல்லது 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டும். டொயோட்டாவின் இளஞ்சிவப்பு நிற நீண்டகால வகை கிடைத்தால், உள்ளே இருப்பதை முழுதாகக் கழுவிவிட்டு அதையும் ஊற்றலாம். அது பாதிக்குப் பாதி கலந்தே வருகிறது. அதில் மேலும் தண்ணீர் சேர்ப்பது காசைக் கரைப்பது.

கூலன்டை விட நம் ஊரில் பெரிய விஷயம் தண்ணீர். மாத்தளை மண்ணுக்கடியில் டொலமைற்றும் சுண்ணாம்புப் பாறையும் கிடக்கின்றன. தம்புள்ளை, கலேவெல பக்கத்துக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்த கேத்தலின் அடியைப் பார்த்தால் வெள்ளைப் படலம் தெரியும். ஐரோப்பியக் கம்பனிகள் பொஸ்பேற்றை ஒதுக்கியதற்குக் காரணமே இதுதான். கடின நீரிலுள்ள கல்சியத்தோடு பொஸ்பேற் சேர்ந்தால் கல்சியம் பொஸ்பேற்றாகப் படியும். ஜப்பான்காரர்களின் தண்ணீர் மென்மையானது, அவர்களுக்கு அந்தக் கவலை குறைவு. எனவே ஜப்பான் கூலன்டை வாங்கி, கலேவெல கிணற்று நீரில் கலப்பதுதான் மிக மோசமான சேர்க்கை. நல்ல போத்தலே ரேடியேட்டரில் கல் வளர்க்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து கழுத்தின் உட்புறத்தை விரலால் தடவுங்கள். எஞ்சின் ஆறிய பிறகுதான், மறக்கவேண்டாம். வெள்ளைச் சொரசொரப்பு என்றால் சுண்ணாம்பு, செம்பழுப்புச் சேறு என்றால் துரு.

கலப்பதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் பற்றரிக் கடையில் போத்தலில் கிடைக்கும். பற்றரி அசிட்டை மாறி வாங்கிவிடாதீர்கள். அது கிடைக்காவிட்டால் இன்று ஊருக்கு ஊர் இருக்கும் ஆர்.ஓ. நிலையத் தண்ணீரே போதும்.

கலவையில் கூலன்ட் முப்பது வீதத்துக்குக் குறைந்தால் அரிப்புத் தடுப்பு போதாது. அறுபதைத் தாண்டினால் சூட்டைக் கடத்தும் திறன் குறையும், ஏனென்றால் வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரே கெட்டி. நாற்பதிலிருந்து ஐம்பது வரை வைத்தால் நமக்குச் சரி. கழுவும்போது பிளொக்குக்குள் சில லீற்றர் தண்ணீர் தங்கிவிடும் என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். மொத்தக் கொள்ளளவு எட்டு லீற்றர் என்றால், முதலில் நான்கு லீற்றர் தனிக் கூலன்டை ஊற்றிவிட்டு, மிச்சத்தை வடித்த நீரால் நிரப்புங்கள். சீட்டுக்கடியில் எஞ்சின் உள்ள வேன்களில் காற்றுக் குமிழி எளிதில் சிக்கும். ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, மெல்ல ஊற்றி, ஹோஸ்களைப் பிசைந்து காற்றை வெளியேற்றுங்கள்.

மாத்தளை டவுன் சுமார் 360 மீற்றர் உயரம். ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறினால் ஆயிரத்தைத் தாண்டும். அங்கே திறந்த பாத்திரத் தண்ணீர் 96, 97 பாகையிலேயே கொதிக்கும். கொதிநிலையை உயர்த்துவதில் கூலன்டின் பங்கு எட்டுப் பாகைக்குள்தான், 0.9 பார் ரேடியேட்டர் மூடியின் பங்கு இருபதுக்குக் கிட்ட. ரப்பர் வெடித்த பழைய மூடியோடு மலையேறும் வேனுக்கு எந்தப் போத்தலும் பயன்படாது. தெர்மோஸ்டாற்றைக் கழற்றிவிட்டால் சூடு குறையும் என்பதும் எல்லா எஞ்சினுக்கும் பொருந்தாது. சிலவற்றில் பைபாஸ் வழி திறந்தே கிடந்து, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும்.

ஒழுகல் அடைக்க மஞ்சள் தூள் போடுவது லொறிக்காரர்களின் பழைய கைவைத்தியம். வாசனைத் திரவியத்துக்குப் பெயர்போன ஊரில் மஞ்சளுக்குக் குறைவில்லைதான், ஆனாலும் ஒழுகலோடு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அது அடைத்துவிடும். கராஜ் வந்துசேரும் மட்டுக்கும் சரி, அதற்குமேல் வேண்டாம்.

வடித்தெடுத்த பழைய கூலன்டை வடிகானில் ஊற்றாமல், மூடியுள்ள கலனில் பெயர் எழுதி வையுங்கள். எத்திலீன் கிளைக்கோல் இனிப்பாக இருக்கும், நாயும் பிள்ளையும் நக்கக்கூடும், சிறிதளவே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். மறுநாள் காலை ஓட்டத்துக்கு முன், ஆறிய எஞ்சினில் ரிசேவ் டாங்கின் மட்டத்தைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாளில் காற்று வெளியேறி அது கொஞ்சம் இறங்குவது வழக்கம். அதன் பிறகும் இறங்கிக்கொண்டே போனால் ஒழுகலைத் தேடுங்கள்.