கை தளரும்போது மூளையில் நிகழ்வது

“கையில் அடி படவில்லை, எலும்பும் முறியவில்லை. பிறகு ஏன் கையைத் தூக்க முடியவில்லை?” பக்கவாதம் வந்தவரை அழைத்து வரும் குடும்பத்தினர் எங்களிடம் பலமுறை கேட்டுள்ள கேள்வி இது. கைக்குத் தைலம் தேய்த்துச் சில நாட்கள் காத்திருந்த பின்னரே வருவோரும் உண்டு. தைலத்தைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. கோளாறு இருக்கும் இடம் கை அன்று, மூளை என்பதை முதலில் தெளிவுபடுத்த விரும்புகிறோம்.

மேசை மீதுள்ள தண்ணீர்க் குவளையை எடுப்பதாகக் கொள்வோம். குவளை எங்கே இருக்கிறது, கை எங்கே இருக்கிறது என்னும் இரு செய்திகளையும் மூளையின் மேற்புறப் பின்பகுதி ஒப்பிட்டறிகிறது. முன்பகுதி அசைவைத் திட்டமிடுகிறது. அங்கிருந்து புறப்படும் கட்டளையைச் சுமக்கும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை மூளைத்தண்டின் அடியில் மறுபக்கத்துக்குக் கடந்து, தண்டுவடத்தின் வழியே இறங்குகின்றன. இடப்பக்க மூளையில் இரத்தக் குழாய் அடைபட்டால் வலக்கை விழுவது இதனால்தான். அசைவு எவ்வளவு பெரிதாக, எவ்வளவு விரைவாக அமைய வேண்டும் என்பதில் மூளையின் ஆழத்திலுள்ள நரம்பணுத் திரள்களுக்குப் பெரும்பங்கு உண்டு. கை குவளையைத் தாண்டிப் போகாமலும் முன்னரே நின்றுவிடாமலும் திருத்திக்கொண்டே இருப்பது சிறுமூளை. இத்தனையும் ஒரு விநாடிக்குள் நடந்து முடிகின்றன.

முதுமையில் இந்த ஏற்பாடு சற்றுத் தளர்கிறது. இயக்க நரம்பணுக்களின் எண்ணிக்கை குறைகிறது. கை எந்த நிலையில் இருக்கிறது என்று தசைகளும் மூட்டுகளும் அனுப்பும் செய்தி மங்குகிறது. அந்தக் குறையைக் கண்ணால் ஈடுசெய்ய முதியவர்கள் பழகிக்கொள்கின்றனர். சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பார்த்துப் போடுவதும், விளக்கு மங்கிய அறையில் குவளையைத் தட்டிவிடுவதும் இதன் விளைவே. வேகம் குறைந்தாலும் புதிய அசைவைக் கற்கும் திறன் அவர்களிடம் பெருமளவு எஞ்சியிருக்கிறது. ஆகவே மெதுவாகச் செய்வதை நோய் என்று கருத வேண்டியதில்லை. ஆனால் ஒரு கை மட்டும் மந்தமாவது, நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் இருப்பது, கையெழுத்து வரவர நுணுகிச் சிறுத்துப்போவது ஆகியவற்றை “வயதாகிவிட்டது” என்று ஒதுக்கிவிடக் கூடாது. இவை 1817ஆம் ஆண்டு ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் மருத்துவர் விவரித்த நோயின் தொடக்கமாக இருக்கக்கூடும். டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதால் மூளை அசைவுகளைச் சிறிதாக்கிவிடுகிறது. தசையில் வலு இருந்தும் கை அசையத் தயங்குகிறது.

நடுக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். நடுங்கும் கைகள் எல்லாம் பார்க்கின்சன் நோயால் நடுங்குபவை அல்ல. அந்நோயில் கை மடியில் ஓய்ந்திருக்கும்போது நடுக்கம் மிகும். பொருளை எடுக்க நீட்டினால் பெரும்பாலும் தணியும். குடும்பங்களில் வழிவழியாக வரும் வேறொரு நடுக்கம், காபியை ஆற்றும்போதும் கையெழுத்திடும்போதும் இரு கைகளிலும் தோன்றும். சிறுமூளை பழுதானாலோ, விரல் இலக்கை நெருங்க நெருங்க நடுக்கம் பெரிதாகும். மருத்துவரின் அறையில் நடுக்கம் அடங்கியிருப்பதும் உண்டு. ஆகையால் வீட்டில் அது தோன்றும் வேளையில் கைபேசியில் காணொளி எடுத்து வாருங்கள். அது எங்களுக்கு மிகவும் உதவும்.

பக்கவாதத்தில் கை திடீரென வலுவிழக்கிறது. அந்தக் கணமே 108ஐ அழைக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தை, பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். அதிலும் எவ்வளவு முன்னதாகச் செலுத்துகிறோமோ அவ்வளவு நன்மை.

பின்பு வீடு திரும்பிய பிறகு நிகழ்வதையே இங்கு நாங்கள் வலியுறுத்த விரும்புகிறோம். வலுவிழந்த கையால் சோற்றைப் பிசைய முயன்று தோற்றவர் மெல்ல மெல்ல அக்கையை மறந்து, எல்லாவற்றுக்கும் நல்ல கையையே நாடுகிறார். அவர் துன்புறுவதைக் காணச் சகியாமல் வீட்டாரும் ஊட்டிவிடத் தொடங்குகின்றனர். அன்பினால் செய்வதுதான், ஆயினும் பயன்படுத்தாத கைக்கு மூளையில் உள்ள இடம் சுருங்குகிறது, மீளக்கூடிய திறனும் மீளாமல் போகிறது. அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் டாப், உணர்விழந்த கையைக் குரங்குகள் பயன்படுத்தாமல் விட்டுவிடுவதையும், நல்ல கையைக் கட்டுப்படுத்தினால் மீண்டும் பயன்படுத்துவதையும் கண்டார். அதிலிருந்து ஒரு சிகிச்சை முறை பிறந்தது. விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியில் நல்ல கைக்கு உறை அணிவித்து, வலுவிழந்த கைக்கு இரண்டு வாரங்கள் தீவிரப் பயிற்சி அளிப்பதே அம்முறை. பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்கள் ஆன 222 பேரிடம் அமெரிக்காவில் இது சோதிக்கப்பட்டது. 2006இல் வெளியான அந்த ஆய்வில், பயிற்சி பெற்றவர்களின் கைத்திறன் மேம்பட்டதும் அம்மேம்பாடு ஓராண்டுக்குப் பின்னும் நிலைத்ததும் தெரியவந்தன. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவேனும் நீட்ட முடிந்தவர்களுக்கே இம்முறை பொருந்தும். வீட்டில் நீங்களாகவே நல்ல கையைக் கட்டிவிடாதீர்கள். தடுமாறினால் ஊன்றிக்கொள்ளக் கை இராது.

வீட்டில் செய்யத்தக்கவை எளியவை. படுக்கையிலிருந்து எழுப்பும்போது வலுவிழந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள்மூட்டு நழுவி, நீங்கா வலி தங்கிவிடும். விழுங்குவதில் இடர் இல்லை என்று மருத்துவர் கூறியிருந்தால், நாளில் ஒரு வேளையாவது அவரே அக்கையால் உண்ணட்டும். தடித்த பிடியுள்ள கரண்டியும் விளிம்பு உயர்ந்த தட்டும் உதவும். சோறு சிந்தும்; அரை மணி நேரமும் ஆகலாம். அருகில் அமர்ந்திருங்கள், அவர் கேட்கும் வரை கரண்டியை வாங்காதீர்கள்.