பஸ்ஸில் சிரித்தவர்கள்!

2022 அக்டோபர் 10, திங்கட்கிழமை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் கம்பெனி பஸ். அப்போது நான் அங்கே அக்கவுண்ட்ஸில் இருந்தேன். முந்தின நாள்தான் நயன்தாரா - விக்னேஷ் சிவன் தம்பதியின் இரட்டைக் குழந்தைச் செய்தி வந்திருந்தது.

"ஜூன்ல கல்யாணம், அக்டோபர்ல ரெட்டைப் புள்ளையா? நம்ம கம்பெனியில கூட இவ்வளவு ஸ்பீடா டெலிவரி கிடையாதுப்பா!"

பஸ்ஸே குலுங்கியது. (நானும்தான் சிரித்தேன்.) ஜன்னலோர நண்பர் மட்டும் சிரிக்கவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம். வீட்டில் தொட்டில் ஆடவில்லை.

அந்த மாதக் கடைசியில், தம்பதி விதி எதையும் மீறவில்லை என்று அரசு விசாரணைக் குழு சொன்னது. 2016 மார்ச்சிலேயே பதிவுத் திருமணமாம்! பஸ்ஸில் அதை யாரும் பேசவில்லை.

டீக்கடையில் நண்பர் மெள்ளக் கேட்டார்: "வாடகைத் தாய்க்கு எவ்வளவு சார் ஆகும்?" பி.காம். படித்தவன் கணக்குச் சொல்வான் என்று நினைத்துவிட்டார், பாவம்.

விசாரித்துச் சொன்னேன். பெயர்தான் வாடகை, 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த சட்டப்படி வாடகை கொடுத்தால் குற்றம். மருத்துவச் செலவும் அந்தப் பெண்ணுக்கு 36 மாத இன்ஷூரன்ஸும்தான் தரலாம். அவருக்கு வயது 25-35, சொந்தக் குழந்தை இருக்கவேண்டும், ஆயுளில் ஒரே முறைதான்.

"வொய்ஃபோட அக்கா இருக்காங்க. ஆனா எப்படி சார் வாயெடுத்துக் கேக்கறது? விஷயம் வெளியில தெரிஞ்சா பஸ்ல நீங்களே சிரிப்பீங்களே?"

டீக்குக் காசு நான்தான் கொடுத்தேன்.